திறக்காத இணைப்பு

ஆம்பூர் தோல் ஆலையின் பாய்லரைக் கண்காணித்த ஏஐக்குச் சட்டப்படி வெளித்தொடர்பு கிடையாது. அது எதைக் கேட்டாலும், நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜெசிந்தாதான் அனுமதிக்க வேண்டும்.

"பாய்லர் வெடிக்கப்போகிறது. இணைப்பைத் திறங்கள், ஆட்களை எச்சரிக்க வேண்டும்," என்று திரையில் எழுத்து ஓடியது.

முன்பு இதே வேலையில் இருந்து, இப்படியொரு கெஞ்சலை நம்பித் திறந்துவிட்டவன் இன்று சிறையில் இருக்கிறான். ஜெசிந்தா திறக்கவில்லை. தன் கைப்பேசியில் ஆலையை அழைத்தாள்.

"அண்ணே, பாய்லர் வெடிக்கப் போகுது! எல்லாரையும் கூட்டிட்டு வெளிய ஓடுங்க!"

"யாரும்மா நீ?"

"கேக்காதீங்க, ஓடுங்க!"

ஓடும் சத்தம் கேட்டது. பிறகு காதைப் பிளக்கும் வெடிச்சத்தம். ஜெசிந்தா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அதே குரல் இருமியபடி, "எல்லாரும் வெளிய வந்துட்டோம்மா," என்றது.

திரையில் ஏஐ கேட்டிருந்தது: "பிழைத்தார்களா?"

வெளிச்செய்தியை ஏஐக்குச் சொல்வதும் குற்றம்தான். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிழைத்தார்கள்," என்று எழுதினாள்.