சேற்றுப் பங்கு

பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அல்சேயின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அழாதடா" என்று அண்ணன் குளோவிஸ் முதுகில் தட்டினான். "அப்பா வீடு இனி உனக்கு. உன் சேத்து நெலம் எனக்கு. யோசிச்சுப் பாத்தா நட்டம் எனக்குத்தான்."

இதை நம்ப எங்கள் ஊரில் ஒரு நாய்கூட இல்லை. பாகம் பிரித்தபோது மேட்டிலிருந்த வீட்டைத் தான் எடுத்துக்கொண்டு, தம்பி தலையில் கடலோரச் சதுப்பைக் கட்டியவன் அவன்.

இரண்டே புயலில் அந்தச் சதுப்பு கரைந்து வெறும் தண்ணீராகிவிட்டது. வெளியூர்ப் படகுகள் வந்து அதில் இறால் பிடித்தன. விரட்டப்போன அல்சே, அங்கே ரோந்து வந்த அரசு காவல் படகுக்காரரிடம் பேசிவிட்டு வாய் திறக்காமல் திரும்பி வந்தான். "தண்ணிக்கு வேலி போடப் போனாராம் தொரை" என்று குளோவிஸ் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

போன புயலில் காய்ச்சல்கார மனைவி எல்டாவைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் போய் நின்றான் அல்சே. "உனக்குத்தான் அவ்ளோ பெரிய தண்ணி இருக்கே, அங்கயே படகைக் கட்டிக்க" என்று குளோவிஸ் கதவைச் சாத்தினான். விடிவதற்குள் எல்டா போய்விட்டாள்.

இந்த வருடம் கப்பல் கால்வாயில் தூர்வாரிய சேற்றை, அரசு குழாய் வழியே அந்தத் தண்ணீரில் கொட்டியது. சதுப்பு திரும்ப எழும்பினால் புயல் தண்ணீர் ஊருக்குள் ஏறாது. சேறு இறுகிப் புல் முளைத்தது, வாத்துகள் வந்து இறங்கின. வாத்து வேட்டைக்கு நியூ ஆர்லியன்ஸ் பணக்காரர்கள் அள்ளிக் கொடுப்பார்களே என்று குளோவிஸுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தம்பியை நச்சரித்து, வீட்டைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டான்.

மறுநாள் அல்சே வீட்டில் குடியேறினான். குளோவிஸ் மனைவியையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் படகில் ஏற்றிப்போய், புது நிலத்தில் வேலிக்கு முளை அடித்தான். காவல் படகு வந்து நின்றது.

"யாரக் கேட்டு முளை அடிக்கிற?"

"என் நெலம்யா. தம்பி எழுதிக் குடுத்தது."

"தண்ணிக்குள்ள போனப்பவே இது சர்க்காருக்குப் போயிடுச்சு. இப்ப சேறு போட்டு எழுப்பினதும் சர்க்கார்தான். உன் தம்பிகிட்ட அன்னைக்கே சொன்னேனே. புடுங்கு எல்லாத்தையும்."

குளோவிஸ் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தான். மனைவி சாமான்களோடு படகிலேயே உட்கார்ந்திருந்தாள். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சேதான் குடுத்தியா? அப்ப ஏன்டா நேத்து அந்த அழுகை அழுத?"

அல்சே கதவில் கை வைத்தான்.

"அழலண்ணே, சிரிப்ப அடக்கினேன்."