தண்ணீரில் ஓடும் டாக்சி

பள்ளிக்கூட வேன் தெருமுனை திரும்பும்வரை நொமலங்கா பின்கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

வாசலில் நின்று பதிலுக்குக் கையாட்டி மகளை வழியனுப்பிய சிதாபிலேவுக்கு, வேனின் சத்தம் இன்று வேறு மாதிரி இருப்பதாகப் பட்டது.

"சத்தம் மாறிடுச்சு பாத்தியா, மாடூபே?"

மனைவியைக் குலப்பெயர் சொல்லித்தான் மெலுசி கூப்பிடுவான். சோளக்கஞ்சிக் கிண்ணத்தோடு பின்னால் வந்து நின்றான்.

"நேத்து நீ சர்ச்சுக்குப் போயிருந்தப்ப குமேதே வந்தாரு. அவரு வேனுக்கும் ஒண்ணு மாட்டிக் குடுத்துட்டேன். பெரிய வண்டியாச்சே, அதான் தகடெல்லாம் ரெட்டிப்பு."

சிதாபிலேவின் கை அந்தரத்திலேயே நின்றது.

மெலுசி புலவாயோ நகரத்தில் டாக்சி ஓட்டுகிறவன். பெட்ரோலுக்கான வரிசை இரண்டு தெருவுக்கு நீண்ட மாதத்தில், வீடியோ பார்த்து அந்தக் கருவியைச் செய்தான். ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் தகடுகள், தண்ணீர், பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர். தண்ணீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். குடிக்கிற பெட்ரோல் குறையும்.

குறையத்தான் செய்தது. இரண்டு நாளைக்கு வந்த பெட்ரோல் மூன்று நாளைக்கு வந்தது.

டாக்சி ஸ்டாண்டில் அவனுக்குப் புரொபசர் என்று பெயர் விழுந்தது. "அடுத்தது என்ன புரொபசர், பொண்டாட்டி கண்ணீர்ல ஓட்டுவியா?" என்று சிரித்தவர்களே, ஒருவர் பின் ஒருவராக ஜாடியோடு வீட்டுக்கு வந்தார்கள்.

சிதாபிலேவுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே பயம். அன்று ஜாடி கொதித்தது. மூடி உப்பியிருந்தது. அவளுடைய அண்ணன் பேட்டரி சார்ஜ் செய்யும் கடையில் இருந்தவன். ஒரு மத்தியானம், ஒரே ஒரு பொறியில், இடது கண் போய்விட்டது. அதுவும் இதே வாயுதான் என்று சொல்லிப் பார்த்தாள்.

"உங்கண்ணன் சிகரெட் பத்த வச்சிருப்பாரு" என்று சிரித்தான் மெலுசி. "தினமும் ஜாடிக்குத் தண்ணி ஊத்துற வேலைய நீயே பாத்துக்க. பயம் தெளிஞ்சிரும்."

பார்த்துக்கொண்டாள். ஆறு வாரமாகத் தினமும் காலையில் பானட்டைத் திறந்தது அவள்தான்.

"அந்த வேன்ல எத்தன பிள்ளைங்க?" என்று இப்போது கேட்டாள்.

"நம்ம பொண்ணோட பதினேழு. ஏன் இப்படி முழிக்கிற? ஆறு வாரமா நம்ம வண்டிக்கு எதாச்சும் ஆச்சா? அதப் பாத்துதானே குமேதேவே நம்பினாரு."

சிதாபிலே வாசலிறங்கி டாக்சியிடம் போனாள். அதன் பானட்டைத் தூக்கினாள்.

பேட்டரிக்கு அடியில், ஜாடிக்குப் போகும் ஒயரின் முனை, எதிலும் சேராமல், கறுப்பு டேப் சுற்றி, ஒழுங்காக ஒளித்துச் செருகப்பட்டிருந்தது. இரண்டாம் நாளே அவள் கையால் கழற்றியது.

மெலுசி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கிண்ணம் சாய்ந்து கஞ்சி அவன் செருப்பில் வழிந்தது.

"அப்ப பெட்ரோல் மிச்சமானது?"

"நீங்க மெதுவா ஓட்டுனீங்க. அவ்வளவுதான். பேரு வாங்கிச் சந்தோஷமா இருந்தீங்க, சொல்ல மனசு வரல."

அந்தக் கருவி மாட்டிய நாளிலிருந்து, மடியில் பச்சைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல்தான் அவன் வண்டி ஓட்டினான். அவனுக்கே அது தெரியாது.

உண்மையில் வேலை செய்கிற ஜாடியோடு ஒரு நாளுக்கு மேல் அவன் வண்டி ஓட்டியதில்லை. ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மற்றவர்கள்.

மெலுசி சாவியைத் திருப்பி மிதித்த மிதியில் டாக்சி தெருவில் பாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சிதாபிலே குமேதேவுக்குப் போன் அடித்தாள்.

மணி போனது. மறுபடியும் அடித்தாள். மறுபடியும்.

வேன் ஓட்டும்போது குமேதே எந்தக் காரணத்துக்காகவும் போனை எடுக்கமாட்டார். அதைக் கேள்விப்பட்டுத்தான், பேட்டையிலுள்ள எல்லா வேனையும் விட்டுவிட்டு, அந்த வேனில் மகளைச் சேர்த்திருந்தாள்.