லைவில் நிற்கும் அக்கா

இளம்பிள்ளையில் சேலைக்கடை வைத்திருக்கும் கோகிலவாணிக்குப் பதிலாக, அவள் முகத்தோடும் குரலோடும் ஏஐ உருவாக்கிய இன்னொருத்தி எல்லா வலைத்தளங்களிலும் நாள் முழுக்க லைவில் நின்று விற்றுக்கொண்டிருந்தாள். அந்த இன்னொருத்திக்குக் கால் வலிக்காது, தொண்டை கட்டாது. யாராவது சொந்தக்கதை பேச ஆரம்பித்தால் சிரித்தபடியே சேலைக்குத் திருப்பிவிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் கோகிலவாணிதான்.

போன வாரத்து லைவ் பேச்சுகளின் பதிவைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தங்கை இந்துமதியின் பெயர் கண்ணில் பட்டது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கோகிலவாணி கோபித்துக்கொண்டதில் எட்டு வருடமாகப் பேச்சே இல்லை.

"அக்கா, நான் இந்து. எம்மேல இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் எதுக்குங்க சிஸ்டர்? இந்த மாம்பழக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

"வேற ஒண்ணும் கேக்க மாட்டியாக்கா?"

"கேக்காம இருப்பனா? பிளவுஸும் தச்சே அனுப்பட்டுங்களா?"

இந்துமதி அந்தச் சேலையை வாங்கியிருந்தாள்.

அந்த 'அக்கா'வைக் கேட்க எட்டு வருடமாக ஏங்கிய கோகிலவாணி, அது வந்த நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து பார்சல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதே சேலையைக்கூடத் தன் கையாலேயே மடித்து வைத்திருப்பாள், முகவரியைப் பார்க்காமல்.

ஆர்டரில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"இந்து, நாந்தாண்டி. உன் அக்கா பேசறேன். நல்லாருக்கியா சாமி?"

எதிர்முனையில் இந்துமதி, கடைக்காரியிடம் பேசுவதுபோல் மரியாதையாகச் சொன்னாள்:

"சேலை வந்துருச்சுங்க. நல்லாருக்குதுங்க. அஞ்சு ஸ்டார் போட்டுடறேன்."