வெள்ளைக் கொண்டை

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பால்கனி. துணிக்கொடியில் வெள்ளைவெளேரென்று ஒரு பறவை, தலையில் கொண்டையோடு உட்கார்ந்திருக்கிறது. நேற்றுக் கூண்டிலிருந்து தப்பிய, மகளின் காக்கட்டீல் கிளி மிட்டுதான் என்று ஹரிஷ்குமார் துண்டை விரித்துப் பிடித்தபடி மூச்சடக்கி நகர்கிறான். உள்ளே மகள் காய்ச்சலோடு அழுதழுது ஓய்ந்து கிடக்கிறாள். "மூக்கைப் பாருங்க, கிளி மூக்கு இல்ல," என்று மனைவி தர்ஷினி கிசுகிசுக்கிறாள். "சும்மா இரு தர்ஷி, பறந்துடும்." பறவை வாலைத் தூக்குகிறது. அடியில் குங்குமச் சிவப்பு. செம்பருத்தித் தொட்டிக்குத் தினமும் வரும் கறுத்த கொண்டைக் குருவிகளுக்கும் அதே இடத்தில் அதே சிவப்பு. "ஐயோ, நம்ம சின்னான் குருவிங்க இது! வெளுத்துப் பொறந்திருக்கு, அவ்ளோதான்." அவன் நிற்கவில்லை. "இருக்கட்டும். பாப்பாவுக்கு என்ன தெரியப்போகுது? வெள்ளையா, கொண்டையோட ஒண்ணு கூண்டுல இருந்தா போதும்." கம்பி விளிம்பில் கறுத்த ஜோடிக் குருவி இறக்கை படபடக்கக் கத்துகிறது. துண்டின் நிழல் வெள்ளை முதுகின்மேல் ஏறுகிறது. தர்ஷினி பட்டென்று கைதட்டுகிறாள். வெறுங்கொடி வெயிலில் ஆடுகிறது. ஹரிஷ்குமார் திரும்பி அவளையே பார்க்கிறான். அறைக்குள்ளிருந்து மெலிந்த குரல் கேட்கிறது: "அம்மா, மிட்டு வந்துடுச்சா?"