தம்பி பேரில் எழுதிய நாட்கள்

இவள் இன்றைக்காவது பூ வைக்காமல் வந்திருக்கலாம்.

கன்னியம்மாளின் மனத்தில் அது மட்டும்தான் ஓடியது. எதிரே மனு எழுதும் வீராசாமி மைப்பெட்டியைத் திறந்து வைத்து, அவளுடைய கட்டைவிரலுக்காகக் காத்திருந்தார்.

"இன்னாம்மா யோசிக்கிற? மை காஞ்சா அதுக்கும் ஒரு மனு எழுதணும்."

திருத்தணி தாலுகா கச்சேரியின் புளியமரத்தடியில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

தமயந்தி, கன்னியம்மாளின் ஓரகத்தி, தலையில் பூவோடு தன் புருஷன் கஜபதியின் பக்கத்தில் நின்றாள். தொட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆனாலும் இருவருக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சு புகுந்து போக இடமில்லை.

அவள் கட்டியிருந்தது ரேஷன் சேலை. யுத்தம் முடிந்தும் துணிக்குப் பஞ்சம்; வீட்டுக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். புருஷன் திரும்பி வந்தவள் கட்டட்டும் என்று கன்னியம்மாளே அதை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கை இன்னும் எரிந்தது.

கஜபதி வேலூர் ஜெயிலிலிருந்து வந்ததும் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டான். இப்போது முடி முளைக்கிறது. காலையில் கிணற்றடியில் குனிந்து உட்காருவான். தமயந்தி உள்ளங்கையால் அந்தத் தலையைத் தடவி, "குத்துது" என்று சிரிப்பாள்.

சாணி அள்ளிக்கொண்டிருக்கும் கன்னியம்மாளுக்குத் தன் உள்ளங்கை குறுகுறுக்கும்.

அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் போனார்கள். வாய்க்கால் தகராறில் ஒரே அடிதடி, ஒரே தீர்ப்பு, ஒரே தண்டனை. தம்பி மட்டும் முன்னால் வந்தான். ஜெயிலில் ஒழுங்காக வேலை செய்தால் தண்டனையில் நாட்களைக் கழிப்பார்களாம்.

ஒழுங்காக வேலை செய்தவர் அவளுடைய புருஷன் ஆதிகேசவன். மற்றக் கைதிகளைக் காவல் பார்க்கும் மேஸ்திரியாக ராத்திரியெல்லாம் விழித்திருந்தவர். தான் வயிற்றுவலி என்று பாதி நாள் படுத்துக் கிடந்ததைக் கஜபதியே சொல்லிச் சிரித்திருக்கிறான்.

ஊரில் யாருக்கும் தோன்றாத சந்தேகம் அவளுக்குத் தோன்றியது. தினமும் அந்தக் கிணற்றடியைப் பார்ப்பவளுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்?

அவள்தான் வீராசாமியிடம் வந்தாள். அவர் வேலூரில் தெரிந்த ஆளை விட்டு விசாரித்தார். ஒரே ஊர், ஒரே தகப்பன் பேர், ஒரே கேஸ். அண்ணனுக்குக் கழிக்கவேண்டிய நாட்களைத் தம்பி பேரில் கழித்துவிட்டார்கள். பெண்சாதி மனுக் கொடுத்தால் திருத்துவார்கள். பெரியவர் உடனே வருவார். சின்னவன் திரும்பப் போய் மீதியை முடிக்க வேண்டும்.

அதைக் கேட்ட அன்று அவளால் வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது.

"வைங்க அண்ணி," என்றான் கஜபதி. "நான் போறேன். அது அண்ணனோட நாளு. அத தின்னுகினு நான் வீட்ல குந்திகினு இருக்கறது நல்லால்ல."

 தமயந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது.

இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தது. பார்த்தாயிற்று. இனித்தது.

கன்னியம்மாள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க."

தமயந்தி அப்படியே அவள் காலில் விழுந்தாள்.

"அக்கா, நீ மனுஷியே இல்ல. தெய்வம்."

புறங்காலில் அவளுடைய கண்ணீர் சூடாக இறங்கியது. வீராசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கஜபதி மட்டும் விடவில்லை.

"அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்வேன் அண்ணி? நீங்க போய்ப் பாத்தீங்களே, அது இன்னா சொல்லிச்சு?"

"நல்லாருக்காரு."

போன வாரம் காட்பாடியில் இறங்கி, வெயிலில் நடந்து, ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, புருஷனிடம் தப்பு நடந்திருக்கிறது என்று அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். அவன் பேரக் கூப்டப்பவே தெரியும். நான்தான் வாயத் தொறக்கல. அந்தப் பொண்ணு பயந்த பொண்ணு, தனியா இருக்காது. நீ சமாளிச்சுக்குவ."

ஆள் கிடைக்காமல் தானே ஏற்றம் இறைத்ததைக் கேட்பார் என்று, காய்ப்பேறிய கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கையைப் பார்க்கவில்லை. நேரமாயிற்று என்று வார்டன் சத்தம் போட்டபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"தமயந்தி இப்ப நல்லா சாப்புடுதா?"

வீராசாமி மைப்பெட்டியை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"தம்பியே போறேன்னு சொல்றான். ஒரு கைநாட்டுதாம்மா. உன் புருஷன் வந்துடுவாரு."

"இருக்கட்டுங்க," என்றாள் கன்னியம்மாள். "அவரு முழுசா முடிச்சுட்டே வரட்டும்."