ஐந்து குஷன் கவர்

"வெலச் சீட்டெல்லாம் பிச்சிட்டியா? ஒண்ணு வுடாம பாத்தியா?"

தாயம்மா கேட்ட தோரணையில் மகள் மகிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிச்சிட்டேன் மா. கடை பேரு போட்ட துண்டுத் துணியையும் கத்திரிச்சு எடுத்துட்டேன். ஆனா இதெல்லாம் தேவையா?"

"கம்முனு இரு. வர்றவங்க கேட்டா நீதான் தெச்சேன்னு சொல்லு. அவ்ளோதான்."

சோபாவில் ஐந்து குஷன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடுகு மஞ்சள் கவர், நான்கு மூலையிலும் நீலக் குஞ்சம். முந்தாநாள் எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் பேரம் பேசி வாங்கியவை.

விஷயம் இதுதான். வியாசர்பாடியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் செங்குட்டுவன், துறைமுகத்துப் பக்கம் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். டியூட்டி முடிந்தால் நேரே வீடு, தோஸ்து, ஊர்சுற்றல் ஒன்றும் கிடையாது என்று தரகர் சொல்லியிருந்தார். ஆறு வரன்களைத் தட்டிக்கழித்த மகிழினி, இவன் போட்டோவைப் பார்த்துத்தான் முதல் முறையாகத் தலையாட்டினாள். இந்த இடம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று தாயம்மா துடியாய்த் துடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தரகர் போன் செய்து, "பொண்ணுக்குத் தையல் தெரியுமான்னு பையனோட அம்மா கேக்குறாங்க" என்றார்.

"தெரியுமாவா? எங்க வூட்ல கீற குஷன் கவரெல்லாம் அவ தெச்சதுதான்" என்று தாயம்மா வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாள். அப்போது வீட்டில் குஷனே கிடையாது.

மணலி கம்பெனி ஒன்றில் லேப் வேலை பார்க்கும் மகிழினிக்கோ, பொத்தான் அறுந்தால் ஊக்குதான் கதி.

அன்று நாலு மணிக்குப் பையனும் அவன் அம்மாவும் காலடிப்பேட்டையில் இருந்த தாயம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மகிழினியின் அப்பா பரசுராமன் தெருமுனை வரை போய் அழைத்து வந்தார். உட்கார்ந்த கையோடு அந்த அம்மாள் ஒரு குஷனை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"இதானா பொண்ணு தெச்சது?"

"ஆமாங்க அண்ணி. அஞ்சும் அவ கை வேலைதான்."

"ஒண்ணு தெக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"அது... ஒரு பத்து நிமிசம்."

"பத்து நிமிசமா" என்று அந்த அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் வந்ததிலிருந்து மகிழினியை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். அதன் பிறகு ஒரு குஷனை மடியில் எடுத்து வைத்து அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று தாயம்மா கவலைப்பட்டாள்.

"மிஷின் எங்க கீது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ரிப்பேருக்குப் போயிகீது."

பரசுராமன் தலையைத் தூக்கி மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"லீவு நாள்னா மிஷின்லயேதான் ஒக்காந்துகினு இருப்பா அண்ணி. சாப்பிடக் கூப்ட்டாகூட எழுந்து வரமாட்டா" என்று தாயம்மா இன்னும் ஒரு படி ஏறினாள்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். செங்குட்டுவன் குஷனின் ஜிப்பைத் திறந்து உள்ளே விரலை விட்டான். கடைப் பேர் எங்காவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று தாயம்மா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

அந்த அம்மாள் தன் கைப்பையை மகிழினியிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, பையோட காது பிஞ்சிகீது. ஊசி நூலு இருக்குமே, ரெண்டு தையல் போட்டுக் குடு."

மகிழினி பையை வாங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எனக்கு ஊசில நூல் கோக்கக்கூட வராது. இதெல்லாம் கடைல வாங்குனது. இந்த இடம் தட்டிப்போயிடக் கூடாதுன்னு எங்கம்மா ஆசைல சொல்லிட்டாங்க. எனக்கும் உங்க புள்ளையப் புடிச்சிகீது. அதான் பொய்யோட ஆரம்பிக்க மனசு வரல."

தாயம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று. கோபம் மகள் மேல் வரவில்லை, தன் வாய் மேல்தான் வந்தது.

"கடைன்னா எம்.சி. ரோடாங்க?" செங்குட்டுவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ஆமா" என்றாள் மகிழினி.

அவன் கவரைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி அவளிடம் நீட்டினான். ஜிப் முடியும் மூலையில் நீல நூலில் நகத்தளவு நங்கூரம் ஒன்று இருந்தது.

"கடைக்குத் தெச்சுக் குடுக்குற ஒவ்வொண்ணுலயும் இத்தப் போட்டுடுவேன்" என்றான் வெட்கத்தோடு. "ஒண்ணுக்கு முக்கா மணி நேரம் ஆவும்ங்க. பத்து நிமிசத்துல ஆவாது."

அவன் அம்மா தாயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தையல் தெரியுமான்னு ஏன் கேட்டேன்னு நெனைக்கிறீங்க அண்ணி? தெரியாத பொண்ணாத்தான் தேடிகினு கீறோம். வூட்ல கீறது ஒரே மிஷின். அதுல நான் கை வெச்சாலே இவன் ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டான்."