முட்டைத் தொப்பி

ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு மேசையில் ஒரே ஒரு முட்டை, சூடு ஆறாதிருக்கக் கம்பளித் தொப்பி அணிந்து, ஹைட்ரூனின் சிறு முட்டைக் கிண்ணத்தில் வீற்றிருந்தது.

"புது டாக்டர் நான் தினம் ஒண்ணு சாப்பிடலாம்னு சொல்லிட்டாரே!" என்றார் அவளுடைய கணவர் ஓர்ட்வின்.

"பழைய டாக்டர் கூடவே கூடாதுன்னார். இவர் ஆகும்ங்கிறார். எனக்கு அலுத்துப்போச்சு. மாரடைப்பு வந்த உடம்பு, சும்மா இரு."

"நாலு வருஷமா என் கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு உக்கார்ற. நான் நாயைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தா வெறும் ஓடுதான் மிச்சம். கல்நெஞ்சக்காரி!"

அவர் எட்டித் தொப்பியைப் பறித்து, முட்டையின் உச்சியில் கரண்டியால் ஓங்கித் தட்டினார். ஓடு நொறுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. உடைந்த பக்கம் கீழே போகும்படி காலி முட்டையோட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நாலு வருஷமா இதே ஓடுதான். நீ வெளியே போனதும் நிமிர்த்தி வைப்பேன்," என்றாள் ஹைட்ரூன்.

"எதுக்குடி இதெல்லாம்?"

"நானும் முட்டையை விட்டுட்டேன்னு தெரிஞ்சா, பாவம்னு சொல்லி ரெண்டு பேருக்கும் வேகவைக்கச் சொல்லியிருப்பியே."

ஓர்ட்வின் எழுந்து அடுப்பில் நீர் வைத்தார். இரண்டு முட்டைகளை இட்டார்.

"உனக்கு எத்தனை நிமிஷம் வேகணும்?"

ஹைட்ரூன் சற்று யோசித்தாள்.

"மறந்துபோச்சு," என்றாள்.